அமாவாசையன்று பூட்டியிருந்த கோயில்

எழுபதுகளின் கடைசியில் நடந்தது. நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஆரணியில் எங்கள் வீட்டில் பட்டுத்தறி. அமாவாசை ஒரு நாள்தான் தறிக்கு விடுமுறை. மகனுக்கு அம்மை போட்டிருந்தபோது, காட்டுமலைமேல் இருக்கும் பழைய அம்மன் கோயிலில் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஓர் அமாவாசையன்று முதல் பஸ்ஸில் போளூர் போய், இன்னொரு பஸ்ஸில் அடிவாரம் சேர்ந்தோம். பானையும் அரிசியும் என் தலையில், மகன் என் கணவரின் தோளில். முள்ளிலும் கல்லிலும் இரண்டு மணி நேரம் ஏறினால், கோயில் கதவில் பூட்டு!

ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: “பூசாரி விடிகாலையிலயே பூசைய முடிச்சிகினு ஆரணிக்குப் போயிட்டாருங்க. பொண்ணுக்குக் கல்யாணம். யாரோ நெசவுக்காரரு, ‘அமாவாசையில வாங்க, வீட்லதான் இருப்பேன், கூட வந்து பட்டு எடுத்துத் தர்றேன்’னாராம்.”

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போளூர் சந்தையில பார்த்தப்ப சொன்னேன். மறந்தே பூட்டேன்.”

“இம்மாந்தூரம் ஏறி வர்றப்பகூடவா ஞாபகம் வரல?” என்று கத்தினேன். பூசாரி படைக்காமல் வேண்டுதல் தீராது. அரிசியை அப்படியே சுமந்துகொண்டு இறங்கினேன்.

வீடு திரும்பியதும் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார். “யாரோ மலைக்கோயில் பூசாரியாம். மத்தியானம் வரைக்கும் உங்க வாசல்லயே குந்திகினு இருந்தாரு. திட்டிகினே போனாரு.”

அடுத்த அமாவாசைக்கு மறுபடியும் அதே மலை, அதே பானை. இப்போதெல்லாம், “யாரையாச்சும் வரச் சொல்லியிருக்கீங்களா?” என்று மூன்று முறை கேட்காமல் எங்கள் வீட்டுப் பூட்டில் நான் சாவியைத் திருப்புவதில்லை.