கப்பல் தெருவும் ஒரு ஙாப்பிப் பொட்டலமும்

1966 டிசம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். மழை என்றும் சொல்ல முடியாது, நின்றுவிட்டது என்றும் சொல்ல முடியாது. அப்படி ஒரு தூறல். புதுக்கோட்டை பஸ் நிலையத்தில் அறந்தாங்கி பஸ்ஸில் என் மனைவியை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, குடை, வெந்நீர்க் குப்பி, துண்டு, மாத்திரைப் பொட்டலம் நான்கும் இருக்கின்றனவா என்று மறுபடியும் பார்த்துக்கொண்டேன்.

டைபாய்டு அவளை விட்டுப்போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது. காய்ச்சல் போனது, பசி திரும்பவில்லை. கஞ்சியில் இரண்டு மடக்கு குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஆஸ்பத்திரித் தராசில் எண்பத்தொரு பவுண்டு இருந்தாள்.

“இனிமே மருந்துல ஒண்ணும் இல்ல சார்,” என்றார் டாக்டர். “சாப்பிட்டாங்கன்னா எந்திரிச்சிருவாங்க. இப்படியே இருந்தா இன்னொரு காய்ச்சலத் தாங்க மாட்டாங்க.”

இட்லியிலிருந்து இடியாப்பம் வரை, அயிரை மீனிலிருந்து ஆட்டுக்கால் வரை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினாள். ஒருநாள் விடியலில், கண்ணைத் திறக்காமலே, “மொய்ங்கா” என்றாள்.

அவள் பிறந்தது பர்மாவில், மோல்மீனில். அவள் அப்பா அங்கே ஓர் அரிசி ஆலையில் கணக்கர். யுத்தம் வந்தபோது பதின்மூன்று வயதில் கப்பலேறி வந்தவள். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அந்த ஊரைப் பற்றிப் பத்து வாக்கியம் பேசியிருப்பாளோ என்னவோ. காய்ச்சலின் மிச்சம்தான் பிதற்றுகிறது என்று பயந்துபோய் ஆபீசில் சொன்னேன். அறந்தாங்கிக்காரர் ஒருவர் சிரித்தார்.

“பெனாத்தல் இல்லீங்க அது. மீன் சாறுக்குள்ள சேமியா மாதிரி போட்டுச் சாப்பிடுவாங்க. எங்க ஊருக் கப்பல் தெருவுல விக்கிறாங்க. கூட்டிட்டுப் போங்க.”

அந்தத் தெருவுக்கு நகராட்சி வைத்த பெயர் வேறு. ஊருக்குக் கிழக்கே, வீடுகள் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் இருந்தது. சைகோனிலும் பினாங்கிலும் கடை வைத்திருந்த கடற்கரை முஸ்லிம்கள் முதலில் வந்து குடியேறினார்கள். கொழும்புக்காரர்கள் சிலர் வந்தார்கள். கடைசியாகப் பர்மாவிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் வந்தார்கள். எல்லோரும் கப்பலில் வந்தவர்கள் என்பதால் ஊரில் அதைக் கப்பல் தெரு என்றார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணி. தூறலுக்குள் அடுப்புப் புகை மேலே போக மனமில்லாமல் ஆள் உயரத்தில் நின்றது. புகைக்குள்ளே முகங்கள் தோன்றுவதும் மறைவதுமாக இருந்தன. தமிழில் தொடங்கிய பேச்சு நாலு எட்டு வைப்பதற்குள் வேறு ஏதோ பாஷையாகி, மறுபடி தமிழாகியது. சைகோன்காரர் ஒருவர் டம்ளரில் கெட்டிப்பாலை ஊற்றி, மேலே ஒரு தகர வடிகட்டியை வைத்து, கறுப்புக் காப்பி சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். முப்பது சொட்டுக்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது. அடுத்த கடையில் ஈர்க்குச்சிகளில் கோத்த இறைச்சி வெந்துகொண்டிருந்தது. அதன்மேல் நிலக்கடலைச் சாந்தைத் தடவிய கை யாருடையது என்று புகையில் தெரியவில்லை. எந்தக் கரையில் நிற்கிறேன் என்பதே கொஞ்ச நேரம் எனக்கு மறந்துபோயிருந்தது. என் மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தாள். ஓரிடத்தில் அவள் பிடி இறுகியது. வாழைத்தண்டும் மீனும் சேர்ந்து கொதிக்கும் வாடை.

கன்னத்தில் சந்தனம்போல எதையோ பூசியிருந்த, ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்ணின் கடை அது. முக்காலி என்று பெயர்தான், சாணுயரம்கூட இல்லை. உட்கார்ந்தால் என் முழங்கால் மோவாயில் இடித்தது. பெண்களும் ஆண்களுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தெருவில் வைத்துச் சாப்பிடும் குடும்பத்துப் பெண்களை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆபீஸ் முகம் ஏதாவது தென்படுகிறதா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டேன்.

மேசையில் ஒரு கெட்டிலும் கவிழ்த்துவைத்த சின்னக் கிண்ணங்களும் இருந்தன. என் மனைவி தானாகவே ஒன்றை நிமிர்த்தி, பால் இல்லாத தேநீரை ஊற்றிக் குடித்தாள். இன்னொன்று ஊற்றினாள். மூன்றாவதற்குக் கை நீண்டபோது, கிண்ணம் என்ன விலையோ என்று கெட்டிலை நகர்த்தி வைத்தேன்.

“வயத்துல எடம் இருக்கட்டும்,” என்றேன்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். கடைக்காரப் பெண் எங்களைப் பார்க்கவே இல்லை. அப்போதுதான் என் மனைவி உதட்டைக் குவித்து, குழந்தையை முத்தமிடுவதுபோல, இரண்டு தடவை சத்தமாக ஒலி எழுப்பினாள்.

என் காது இரண்டும் சுட்டன. “என்ன பண்ற நீ?” என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

கடைக்காரப் பெண் திரும்பினாள்.

“இந்தா வந்துட்டேன் தங்கச்சி. ரங்கூனா?”

“மோல்மீன்.”

“அதான பாத்தேன். இங்கிட்டு உள்ளவுக அப்படிக் கூப்பிட மாட்டாகளே.” என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். “பயந்துட்டீங்களா சார்? அங்க கடையில ஆளக் கூப்பிடுறது அப்படித்தான். எங்க வீட்டுக்காரரு வந்த புதுசுல திருச்சி ஓட்டல்ல இப்படிக் கூப்பிட்டுப்புட்டு அடி வாங்கப் பாத்தாரு.” கெட்டிலை அவள் பக்கம் தள்ளினாள். “இதுக்குக் காசு இல்ல சார். அவுகள குடிக்க விடுங்க.”

பிறகு இருவரும் பர்மிய பாஷையில் பேசினார்கள். அந்தப் பாஷையில் என் மனைவியின் குரல் வேறாக இருந்தது. இன்னும் மெலிதாக, கொஞ்சம் அவசரமாக, வாக்கியத்தின் முடிவில் மேலேறிச் சென்றது. நான் பார்த்திராத ஒரு பதின்மூன்று வயதுப் பெண் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தால் போய்விடுவாளோ என்று கிண்ணத்தையே பார்த்தேன்.

அரிசிச் சேமியாவின் மேல் மீன் சாறு, பருப்பு வடைத் துண்டுகள், பாதி வாத்து முட்டை, எலுமிச்சை. “மொளகாத் தூள் வேணாம், குடலு புண்ணு,” என்று நான் சொல்வதற்குள் இரண்டு சிட்டிகை தூவிக்கொண்டாள். முதல் கரண்டியை விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தாள். துப்பிவிடுவாளோ என்று துண்டை எடுத்தேன். விழுங்கினாள். அப்புறம் நிறுத்தவே இல்லை. கிண்ணம் காலியானதும் இன்னும் அரைக் கிண்ணம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

எழுந்திருக்கும்போது, “கொஞ்சம் ஙாப்பி வாங்கிக்கிருவோமாங்க?” என்றாள். மீனை அழுகவைத்து இடித்த விழுது அது. “நாளைக்கு நானே வீட்டுல வச்சுக்கிறேன்.”

நாளைக்கு என்ற சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டு ஐந்து வாரம் ஆகியிருந்தது. விலைகூடக் கேட்காமல் வாங்கிவிட்டேன். வாழை இலை, அதன்மேல் செய்தித்தாள், அதன்மேல் சணல் என்று கடைக்காரப் பெண் இறுக்கிக் கட்டிக்கொடுத்தாள்.

செய்தித்தாளைத் தூறல் நனைத்துவிட்டது. திரும்பும் பஸ் நாலைந்து மைல் போவதற்குள், “எவன்யா செத்த எலியப் பையில வச்சிருக்கிறது?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கண்டக்டர் ஒவ்வொரு சீட்டாக மோந்துகொண்டே வந்து எங்கள் அருகில் நின்றார்.

“சார், படிச்சவுக மாதிரி தெரியுது. அதத் தூக்கி வெளிய எறிஞ்சிருங்க. இல்லாட்டி எறங்கிக்கிருங்க.”

அவள் மடியில் இருந்த பொட்டலத்தின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். வீட்டில் சுவர்ப்பக்கம் திரும்புவாளே, அதே திரும்பல்.

“விசிலடிங்க, எறங்கிக்கிறோம்,” என்றேன். டிக்கெட் காசைத் திருப்பித் தர மாட்டேன் என்றார் கண்டக்டர். கேட்டுப் பார்த்தேன்தான்.

ஒரு பாலத்துக் கட்டைச் சுவரில் குடைக்குக் கீழே உட்கார்ந்தோம். தவளைகள் கத்தின. ஈரக்காற்று அவளுக்கு ஆகாதே என்று துண்டை அவள் தலையில் சுற்றினேன். அவள் மோல்மீனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். ஆலைச் சங்கு ஊதும் நேரம், ஆற்றில் மிதந்து வரும் தேக்குக் கட்டைகள், தேநீர்க் கடையில் அப்பா முத்தச் சத்தம் கொடுப்பது. பத்து வாக்கியம் எப்போதோ தாண்டிவிட்டது.

புதுக்கோட்டைக்குக் காலியாகப் போன பிளஷர் கார் ஒன்று நின்றது. டிரைவர் பன்னிரண்டு கேட்டு ஒன்பதுக்கு ஒத்துக்கொண்டார். அவள் ஏறியதும் மூக்கைப் பொத்தினார்.

“என்ன சார், கருவாட்டுத் தோணியவே ஏத்துறீங்க? இதுக்குத் தனியா ஒரு ரூவா.”

கொடுத்தேன். மறுநாள் காலை அவள் எனக்கு முன்பே எழுந்து அடுப்படியில் நின்றாள். வாழைத்தண்டு வாங்கிவரச் சொன்னாள், பத்து பைசா. அதையும் சேர்த்து மொத்தச் செலவு பதினைந்து ரூபாய் அறுபத்தைந்து பைசா.