வாப்பாவுக்குத் தெரியாது

பேட்டை ரைஸ்மில் தெருவில் எந்த வீட்டு டிவியில் என்ன ஓடுகிறது என்பது கேபிள்காரர் அகமது மீரானுக்கு வாசலைக் கடக்கும்போதே தெரிந்துவிடும். மொபெட்டைப் பைய உருட்டிக்கொண்டு போவார். ஒரு வீட்டில் மாமியார் அழும் சத்தம். அடுத்த வீட்டிலும் அதே மாமியார், அதே அழுகை. மூன்றாவது வீட்டில் அந்த அழுகை விட்டு விட்டு வந்தால், "அங்கன வயர்ல கோளாறு" என்று சொல்லி இறங்கிவிடுவார். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். வீட்டுக்காரர் வந்து பார்க்கும்போது அவர் மொட்டைமாடிச் சுவரில் உட்கார்ந்து வயரைச் சீவிக்கொண்டிருப்பார்.

ஒல்லியான ஆள். மொபெட்டில் ஏணியைக் குறுக்கே கட்டிக்கொண்டு வந்தார் என்றால் எதிரே வருகிறவர்கள் தாங்களாகவே சாக்கடை ஓரம் ஒதுங்கிக்கொள்வார்கள். கோபம் சட்டென்று வரும். ஆனால் வந்த கோபத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் கோபம் வந்ததும் அவருக்கு விக்கலும் வந்துவிடும். யாரையாவது திட்ட ஆரம்பித்தால் இரண்டாவது வார்த்தையிலேயே 'ஹுக்' என்று உடம்பு தூக்கிப் போடும். திட்டு வாங்க வேண்டியவர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவருவார். அதோடு சண்டை முடிந்துவிடும்.

அந்தத் தெருவில் முதலில் கேபிள் பெட்டியைத் திருப்பித் தந்தவர் மளிகைக் கடை ஐயம்பெருமாள் அண்ணாச்சி. பெட்டியை மஞ்சள்பையில் போட்டு, கூடவே உடன்குடிக் கருப்பட்டி ஒரு வட்டும் வைத்துக் கொண்டுவந்தார்.

"கருப்பட்டி எதுக்கு அண்ணாச்சி?"

"வாங்கின பாத்திரத்த வெறுமனே திருப்பித் தரக் கூடாதுல்லா? கோவிச்சுக்கிடாதீரும் பாய். சானல் முந்நூறு வருது, பாக்கது மூணு. மாசா மாசம் தண்டம் அழ முடியல. இனிமே ஓடிடிதான்."

"அதுக்கும் காசு கட்டணும்லா?"

பருப்பை நிறுத்தால் கடைசி மணியையும் எண்ணிப் போடுகிற அண்ணாச்சி, கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "அது ரொம்பக் கொஞ்சம் பாய்" என்றார்.

அடுத்து சாலோமி டீச்சர் வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவர். பெட்டியையும் ரிமோட்டையும் பேட்டரி கழற்றி, துடைத்து, ரப்பர் பேண்ட் போட்டுத் தந்தார். பிறகு லேத் பட்டறை தாணுமாலையன். பிறகு வாரத்துக்கு இரண்டு, மூன்று பேர் என்று வந்துகொண்டே இருந்தார்கள். மீரான் வீட்டு அலமாரி நிறைந்து, கட்டிலுக்கு அடியிலும் பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொரு பெட்டி வரும்போதும் அவர் மனைவி சுபைதா பேகத்துக்கு அடுக்களையில் ஏதாவது அவசர வேலை வந்துவிடும். அதை மீரான் அப்போது கவனிக்கவில்லை.

அவருக்கு ஒரே ஒரு விஷயம்தான் புரியவில்லை. சிக்கனத்துக்காகக் கேபிளை விடுகிறார்கள், சரி. ஆனால் இந்தத் தெரு ஆட்கள் எவனோ முகம் தெரியாதவனுக்குப் போன் வழியாகக் காசு கட்டுவார்களா? லேத் பட்டறையில் போய்க் கேட்டார்.

"மாசம் எவ்வளவு வே கட்டுதீரு?"

"கட்டுதேனா? நான் எதுக்கு வே கட்டணும்?" என்று சொன்ன தாணுமாலையன் நாக்கைக் கடித்துக்கொண்டார். உடனே லேத்தை ஓடவிட்டார். அந்த இரைச்சலில் மீரான் கேட்டது எதுவும் அவருக்குக் கேட்கவில்லையாம்.

ஆக, யாரும் காசு கட்டவில்லை! யாரோ ஒருவருடைய பாஸ்வேர்டை வைத்துத்தான் தெருவே பார்க்கிறது என்று மீரானுக்குப் புரிந்தது. நேரே அண்ணாச்சி கடைக்குப் போனார். கடையின் உள்ளே டிவியில் ஏதோ கார்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணாச்சி, எவன் இனிமே கேபிள் பாப்பான்? நானும் இதுக்கே மாறிரலாம்னு பாக்கேன். அந்த பாஸ்வேர்ட மட்டும் சொல்லும்" என்றார்.

அண்ணாச்சிக்கு உள்ளூர இருந்த குற்ற உணர்ச்சி நீங்கி முகம் மலர்ந்துவிட்டது. "இத மொதல்லயே கேட்டிருக்கலாம்லா பாய்? வாப்பாவுக்குத் தெரியாது."

"எந்த வாப்பாவுக்கு?"

"வாப்பாவுக்குத் தெரியாது."

"அவருக்குத் தெரியாட்டா போவட்டும். உமக்குத் தெரியும்லா?"

"எனக்குத் தெரியும். அதான் சொல்லுதேன்."

"என்னத்தச் சொன்னீரு?"

"வாப்பாவுக்குத் தெரியாது."

"ஏன்வே, வீட்டுக்குப் பெரிய மனுசன் அவரு. அவருக்குத் தெரியாம எதுக்குச் செய்யுதிய?"

"ஐயோ பாய், பாஸ்வேர்டே அதான்! 'வாப்பாவுக்குத் தெரியாது.' எல்லாத்தையும் சேத்து, இங்கிலீஷ் எழுத்துல அடிக்கணும்."

மீரான் சிரித்துவிட்டார். ரொம்ப நேரம் சிரித்தார். அண்ணாச்சியும் பருப்பு மூட்டையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரிப்பு அடங்கும்போதுதான் மீரானுக்கு ஒன்று உறைத்தது. அண்ணாச்சி தன் தகப்பனாரை 'ஐயா' என்று கூப்பிடுகிறவர். தாணுமாலையன் வீட்டில் 'அப்பா'. இந்தத் தெருவில் வாப்பா என்று அழைக்கப்படுகிற ஆள் எத்தனை பேர்?

"இத யாரு தந்தா உமக்கு?"

"சாலோமி டீச்சர்" என்றார் அண்ணாச்சி. மீரானின் முகம் மாறுவதைப் பார்த்ததும், கேட்காமலேயே கால் கிலோ கடலையைப் பொட்டலம் கட்டி அவர் கையில் திணித்தார்.

டீச்சர் வீட்டுக்கு மீரான் போனபோது அங்கேயும் டிவி ஓடத் தயாராக இருந்தது. திரையில் ஐந்து வட்ட முகங்கள், யார் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு நின்றன. ஒவ்வொரு முகத்துக்குக் கீழும் ஒரு பெயர்: டீச்சர், அண்ணாச்சி, லேத், நிலோ, உம்மா.

"டீச்சர், இந்த... ஹுக்... உம்மா யாரு?"

சாலோமி டீச்சர் டிவியைப் பார்த்தார், சுவரில் தொங்கிய பைபிள் வசனக் காலண்டரைப் பார்த்தார். "பாய், எனக்குப் பொய் சொல்ல வராது. அதனால நான் ஒண்ணுமே சொல்லல. தண்ணி தரட்டுமா, காப்பி குடிக்கியளா?"

இரண்டும் வேண்டாம் என்று கை ஆட்டிவிட்டு மீரான் வீட்டுக்கு வந்தார். வழி முழுக்க விக்கல்.

சுபைதா பேகம் கூடத்தில் துருக்கித் தொடர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாடிக்கார வீரன் ஒருவன் குதிரையில் வந்து, நல்ல மதுரைத் தமிழில் யாருக்கோ சவால் விட்டுக்கொண்டிருந்தான்.

"சுபை... ஹுக்... சுபைதா! கேபிள்காரன் வீட்டுல கேபிள் ஓசி. அத விட்டுட்டு இத எதுக்குப் பாக்க?"

"பிரியாணிக் கடைக்காரன் வீட்டுல தெனமும் பிரியாணியா திங்காவ?" என்றார் சுபைதா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தெருவுக்கே... ஹுக்... ஏன் குடுத்த?"

இப்போது சுபைதா தொடரை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "தெருவுக்கு எங்க குடுத்தேன்? டீச்சருக்குத்தான் குடுத்தேன். ஒருநாள் வந்தாவ, கேபிளுக்குக் காசு கட்டி மாளலன்னு ரொம்ப வருத்தப்பட்டாவ. எனக்கு மனசு கேக்கல."

"அந்தக் கேபிள் யாரு கேபிளு?"

"அது குடுத்த பொறவுதான் ஓர்மை வந்துச்சு" என்றார் சுபைதா. சொல்லும்போதே வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. "திருப்பியா கேக்க முடியும்? கருவேப்பிலை பறிச்சிட்டுப் போனவள்ட்டப் போயி, இலையக் குடுன்னா கேப்போம்?"

உள்ளறையிலிருந்து மகள் நிலோஃபர் எட்டிப் பார்த்தாள். பாளையங்கோட்டையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். சந்தா அவள் சம்பளத்தில்தான் போகிறது. விஷயத்தைப் புரிந்துகொண்டு மெதுவாகத் தலையை உள்ளே இழுக்கப் பார்த்தாள்.

"நில்லு! இப்பவே பாஸ்வேர்ட மாத்து. எல்லாப் பயலையும்... ஹுக்... வெளிய தள்ளு!"

"சரி வாப்பா. புதுசா என்ன போட?"

"எதையாச்சும் போடு!"

நிலோஃபர் போனில் ஏதோ தட்டினாள். உம்மாவிடம் காட்டினாள். சுபைதா சிரித்த சிரிப்பில் தலைத்துணி நழுவியது. மீரான் போனைப் பிடுங்கிப் பார்த்தார். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தார். 'வாப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு.'

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் விக்கல் நின்றுவிட்டது. இருந்தாலும் மாற்றிய பாஸ்வேர்டை மாற்றியபடியே விட்டுவைத்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, உலகக் கோப்பையில் இந்தியாவின் ஆட்டம். மத்தியானம் டாஸ் போடும் நேரத்துக்கு ரைஸ்மில் தெரு முழுவதும் ஒருசேர டிவியைப் போட்டது. ஒருசேர அமைதியானது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. எல்லோரும் தற்செயலாக மீரான் வீட்டுப் பக்கமே வந்தார்கள்.

"மல்லி இலை வந்திருக்கு, வேணுமான்னு கேக்கலாம்னு வந்தேன்" என்றார் அண்ணாச்சி. கையில் மல்லி இலை இல்லை. சாலோமி டீச்சர் ஆராதனை முடிந்து வந்த சேலையோடு அப்படியே வந்து நின்றார், வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. தாணுமாலையன்தான் நேரே விஷயத்துக்கு வந்தார்: "வே, பாஸ்வேர்ட மாத்திட்டீராவே?"

எல்லோரும் அவரை முறைத்தார்கள். மீரான் நாற்காலியை வாசலில் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். ராத்திரி முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்று அவரிடம் இருந்தது. மழையில், இடியில், கம்பத்தில் ஏறியதெல்லாம் அதில் வரும். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இங்க பாருங்க..." என்று ஆரம்பித்தார்.

அப்போது பக்கத்துத் தெருவிலிருந்து 'ஓ'வென்று ஒரு பெருங்கூச்சல். அது விக்கெட்டா, சிக்ஸரா, யாருக்கும் தெரியவில்லை. அண்ணாச்சியின் முகம் பிள்ளையைத் திருவிழாவில் தொலைத்தவர்போல ஆகிவிட்டது. டீச்சர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மீரானால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. பேச்சாவது மண்ணாவது!

"ஏணிய எடும்வே!" என்று எழுந்தார்.

அதற்குப் பிறகு தெருவில் நடந்தது ஒரு கல்யாண வீட்டுக் களேபரம். சுபைதா கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டிகளை எடுத்து ஜன்னல் வழியாகக் கொடுக்க, வாங்கியவர்கள் ஓடினார்கள். யாருடைய பெட்டி யாரிடம் போனது என்று எவரும் பார்க்கவில்லை. மீரான் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி தாவினார். தாணுமாலையன் கீழே வயரைச் சுருள் பிரித்துக் கொடுத்தார். சாலோமி டீச்சர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "பாத்து பாய், பைய பாய்" என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூடி ஜெபமும் செய்தார். நிலோஃபர் போனில் ஒவ்வொரு பெட்டியாக உயிர் கொடுத்தாள். ஒவ்வொரு வீட்டிலும் படம் வரும்போதும் ஒரு கூச்சல் எழுந்தது. அண்ணாச்சி, "வந்துட்டு! பாய், வந்துட்டு!" என்று கடைவாசலில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார்.

வியர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்த மீரான், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார். நிலோஃபர் ஆட்டத்தை ஓடிடியில் வைத்திருந்தாள். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. பந்து போடுகிறவன் அப்போதுதான் தன் இடத்துக்கு நடந்துபோய்க்கொண்டிருந்தான். அதற்குள் தெரு முழுக்க, "சிக்ஸ்!" என்று அலறியது.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திரையில் பந்து போடுகிறவன் இன்னும் ஓடி வரவே ஆரம்பிக்கவில்லை.

"இது கொஞ்சம் பிந்தித்தான் வரும் வாப்பா" என்றாள் நிலோஃபர்.

அடுத்து தெரு, "ஐயையோ!" என்றது. சுபைதா பொறுக்க முடியாமல் ஜன்னலுக்கு ஓடினார். "அண்ணாச்சி! அவுட்டா?"

"நான் சொல்ல மாட்டேன். நீங்களே பாருங்க!" என்று கடையிலிருந்து பதில் வந்தது. கூடவே ஒரு கொக்கரிப்பு.

"நிலோஃபர் வாப்பா, பேசாம நம்ம கேபிளையே போடுங்க" என்றார் சுபைதா.

மீரான் சந்தோஷமாக எழுந்தார். இந்த வார்த்தைக்காக எவ்வளவு காலம் வேண்டுமானாலும் காத்திருந்திருப்பார். டிவிக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினார். வயர் இருந்தது. பெட்டி இல்லை. "இங்கன இருந்த பெட்டி எங்க?"

சுபைதா மறுபடியும் வாயைப் பொத்திக்கொண்டார். அவசரத்தில் கைக்கு எட்டிய எல்லாவற்றையும் எடுத்து ஜன்னல் வழியாகக் கொடுத்திருந்தார். ரைஸ்மில் தெருவில் அன்றைக்குக் கேபிள் இல்லாத ஒரே வீடு கேபிள்காரர் வீடுதான்.

மீரான் கோபப்படப் பார்த்தார், முடியவில்லை. கீழே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு மூன்று பேரும் அண்ணாச்சி கடைக்குப் போய், வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து மிச்ச ஆட்டத்தைப் பார்த்தார்கள். இந்தியா ஜெயித்தது. அண்ணாச்சி தன் வாழ்நாளில் முதல்முறையாக எடை போடாமல் முந்திரிப்பருப்பை அள்ளி அள்ளிக் கொடுத்தார்.

தெரு அப்படியே கேபிளுக்குத் திரும்பிவிட்டது என்று சொன்னால் அது உண்மையாகாது. போட்டிகள் முடிந்ததும் சாலோமி டீச்சர் பெட்டியைத் துடைத்து மறுபடியும் கொண்டுவந்து, நேர்மையாக, "ஓடிடிக்கு நானே சந்தா கட்டிட்டேன், இனி இது எனக்கு வேண்டாம் பாய்" என்றார். அண்ணாச்சி வைத்துக்கொண்டார். தாணுமாலையன் கேபிள், ஓடிடி இரண்டையும் வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் காசு கட்டுகிறார். நிலோஃபர் சொல்லித்தான் மீரான் இணைய லைன் இழுக்கும் வேலையையும் எடுத்துக்கொண்டார். கம்பம் அதேதான், மொட்டைமாடியும் அதேதான். வயர் மட்டும் மெல்லிசு. ஓடிடி பார்க்கிறவனுக்கும் லைன் வேண்டும் அல்லவா? இப்போது டீச்சர் வீட்டில் படம் சுற்றிக்கொண்டு நின்றால் மீரானைத்தான் கூப்பிடுகிறார்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது திசையன்விளையிலிருந்து சுபைதாவின் தங்கை மாப்பிள்ளை ரசீத் போன் செய்தார்.

"மச்சான், நம்ம வீட்டுலயும் கேபிள விட்டுரலாமான்னு பாக்கோம். செலவு கொறையுமா?"

மீரான் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "மொதல்ல வீட்டுல யாரு யாரு என்ன என்ன பாக்காவன்னு சொல்லும் வே. அது தெரியாம விட்டீருன்னா இதுக்கு ஒண்ணு, அதுக்கு ஒண்ணுன்னு நாலு சந்தா கட்டிட்டு, கேபிளே தேவலைன்னு நிப்பீரு. சரி, கிரிக்கெட் பாப்பீரா? அப்ப கவனமா கேளும்..."

மீன்குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. அவர் விளக்கி முடிப்பதற்குள் சுபைதா போனைப் பிடுங்கினார். "கொழுந்தனாரே, அதெல்லாம் கெடக்கட்டும். தங்கச்சிகிட்ட குடுங்க. எந்தத் தொடர்ல ஆரம்பிக்கணும்னு நான் சொல்லுதேன்."