மாமா மாட்டிய ஹெட்லைட்

எங்கள் ஊர்க் கோவிலின் ஆடித்தபசுத் திருவிழா முடிந்திருந்தது, ஓணம் இன்னும் வரவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாமா எங்கள் பழைய லாரிக்குப் புது ஹெட்லைட் மாட்டினார். அது அதற்கு அடுத்த வருடம் நடந்தது என்று அம்மா இன்றும் சாதிக்கிறாள். தேதி விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. தபசுக்குக் கடை போட்டவர்கள் கம்பு நட்ட குழிகள் அப்போது எங்கள் தெருவில் மூடப்படாமல் கிடந்தன. அவற்றில் ஒன்றில் கால் இடறித்தான் மாமா லைட் பெட்டியோடு விழப் பார்த்தார். அடுத்த வருடத் தபசுக்குள் தெருவில் சிமெண்ட் போட்டுவிட்டார்கள். சிமெண்டில் யாரும் கம்பு நட முடியாது. ஆகவே நான் அப்போது ஆறாம் வகுப்பு. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

மாமா அம்மாவின் தம்பி. ஷார்ஜாவில் கார்களுக்கு அலங்காரச் சாமான்கள் மாட்டும் கடையில் வேலை பார்த்தவர். வைகாசியில் ஊருக்கு வந்தவர் ஆவணி பிறந்தும் எங்கள் வீட்டில்தான் இருந்தார். தெருவில் பார்ப்பவர்களெல்லாம், “எப்போ திரும்பப் போற?” என்றே கேட்டார்கள். “விசா வரணும் அண்ணாச்சி, வந்ததும் போயிருவேன்” என்பார். அவர் போகும் தேதியை நாள்காட்டியில் வட்டம் போட்டு வைக்க நானும் ஆசைப்பட்டேன். கேட்கும்போதெல்லாம் வேறொரு தேதி சொன்னார். அழித்து அழித்துத் தாளே தேய்ந்துபோனதுதான் மிச்சம்.

அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு லாரி இருந்தது. மரப்பலகை அடித்த பாடி. பலகைகளுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி. முன்னால் இரண்டு உருண்டை விளக்குகள், வயதானவர்களின் கண் போல மஞ்சளாக எரியும். ஓணம் நெருங்கும்போது எங்கள் ஊர் பூ மார்க்கெட்டிலிருந்து கேந்தி என்கிற செண்டுமல்லிப்பூ மூட்டை மூட்டையாகச் செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்குப் போகும். பத்து நாளும் ஓயாத ஓட்டம். வருடாவருடம் அந்த லோடு அப்பாவுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. முந்தின வருடம் மட்டும் பூக்கடை அண்ணாச்சி அதைப் பளபளப்பான ஒரு புது வண்டிக்குக் கொடுத்துவிட்டார். இந்த வருடமும் போய்விட்டால் லாரியை விற்க வேண்டியதுதான் என்று அப்பா சொன்னதை நானே கேட்டேன். லோடு கிடைத்தால் இரவும் பகலும் ஓட்ட மாற்று டிரைவர் ஒருவர் வேண்டும். ஊரை விட்டுப் போவதற்கு முன்பே மாமா லாரி ஓட்டுவதற்கான ஹெவி லைசென்ஸ் எடுத்திருந்தார்.

“அத்தான், வண்டியில ஒரு குறையும் இல்ல. முகம்தான் சரியில்ல” என்றார் மாமா ஒருநாள் சாப்பிடும்போது. “அண்ணாச்சி என்ன எஞ்சினையா கழட்டிப் பாக்கப் போறாரு? முகத்தைப் பாத்துதான் லோடு குடுக்காரு.”

“பல்லு போன கிழவனுக்குப் பவுடர் போடுதேங்கியா?” என்றாள் அம்மா.

மாமா எழுந்துபோய்த் தன் பெரிய பெட்டியைத் திறந்தார். மற்றவர்களின் பெட்டிகளில் சாக்லேட்டும் சென்ட்டும் வரும்; மாமாவின் பெட்டியில் துணிகளுக்கு அடியில் இரண்டு எல்.இ.டி. ஹெட்லைட்டுகள் இருந்தன. என்றைக்காவது ஜீப் வாங்கினால் மாட்டலாம் என்று வாங்கி வைத்தவையாம். உருண்டை வடிவம், எங்கள் லாரியின் குழிக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தும். உள்ளே மீன் கண் மாதிரி ஒரு கண்ணாடிக் குமிழ், அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம். அந்த வளையம் தனியாக எரியுமாம், பகலிலும் தெரியுமாம். அன்று என்னால் சோற்றை முழுங்க முடியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கழுகுமலை ரோட்டில் ஒரு குடோன் சுவருக்கு எதிரே லாரியை நிறுத்தினோம். பழைய விளக்குகளைக் கழற்றியபோது லாரி பொக்கைவாய் போல் ஆகிவிட்டது. தெருப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். நான் மட்டும் உள்ளே. அவர்கள் எல்லோரும் நான் சாக்பீஸால் கிழித்த கோட்டுக்கு வெளியே. லாரி எங்களுடையது அல்லவா?

மாட்டுவதற்கு முன் ஒன்றை எரியவிட்டுப் பார்க்கலாம் என்றார் மாமா. பேட்டரியிலிருந்து கம்பி இழுத்துத் தொட்டார். அப்படியொரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. பட்டப்பகலில் வளையம் நிலவைப் பிடித்து உருக்கி ஊற்றியதுபோல் ஜொலித்தது. பிள்ளைகள் ஊளையிட்டார்கள், நான் குதித்தேன். குதித்துத் தரையில் கால் படுவதற்குள் “டிக்” என்று ஒரு சத்தம். வளையம் கறுத்து, பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது.

மாமா கம்பியைப் பிடித்தபடியே நின்றார். அப்பா கிட்டே வந்து முகர்ந்து பார்த்தார்.

“மாப்ள, இது ரெண்டு பேட்டரி வண்டில்லா? கார்ல ஓடுததை விட ரெட்டிப்புக் கரண்டு.”

நடுவில் இருக்கும் பெரிய விளக்குக்குக் கார் கரண்டு, லாரி கரண்டு இரண்டும் ஒத்துக்கொள்ளும் என்று அட்டைப்பெட்டியிலேயே போட்டிருந்தது, வளையத்துக்குத்தான் ஒத்துக்கொள்ளாது. கார்களையே தொட்டுப் பழகிய மாமாவுக்கு அது நினைவிலேயே வரவில்லை. தூக்குவாளியில் காபியோடு வந்த அம்மா, “மாட்டுததுக்கு முன்னாலேயே ஒரு கண்ணைக் கெடுத்தாச்சா?” என்றாள். வழக்கமாகப் பதிலுக்குப் பதில் பேசும் மாமா கருகிய வளையத்தைச் சட்டை முனையால் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைத்தால் எரிந்துவிடும் என்பதுபோல.

அப்பாதான், “மத்தத மாட்டு மாப்ள. பொழுது சாயுததுக்குள்ள வேலையை முடிப்போம்” என்றார். மாமா மறுபடி கீழே உட்கார்ந்து இரண்டையும் மாட்டினார். இருக்கிற ஒரு வளையத்துக்கு ஒரே ஒரு பேட்டரியிலிருந்து தனிக் கம்பி இழுத்தார். வலது வளையம் அழகாக எரிந்தது. இடது வளையம் இருட்டு. லாரி எங்களைப் பார்த்துக் கண்ணடித்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வீட்டுக்கு ஓடிப்போய் என் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன். பின் மட்கார்டில் வெள்ளை ரேடியம் ஸ்டிக்கர் நீளமாக ஒட்டியிருந்தது. பிறந்தநாளுக்குக் கேட்டு வாங்கியது. நகத்தால் சுரண்டி உரித்துக் கொடுத்தேன். மாமா அதை வளைவு வளைவாக வெட்டி, எரியாத வளையத்தைச் சுற்றி ஒட்டினார். பகலில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தது. இருட்டில் எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் பட்டால் இதுவும் மின்னும்.

“ஏட்டி, நீ எங்க கடையில இருந்திருந்தா உன்னையத்தான் மேனேஜரா போட்டிருப்பான்” என்றார் மாமா. அன்று அவர் சிரித்தது அப்போதுதான்.

பொழுது சாய்ந்ததும் பெரிய விளக்கைப் போட்டார்கள். குடோன் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்தது. பிள்ளைகள் ஓடிப்போய்ச் சுவரில் கையை ஆட்டி நாயும் மானும் காட்டினார்கள். அப்பாவுக்கு மட்டும் திருப்தியில்லை. எதிரே வருகிறவன் கண் கூசினால் அது விளக்கே இல்லை என்றார். சுவரில் அவர் சொன்ன உயரத்தில் நான் சாக்பீஸால் கோடு போட்டேன். வெளிச்சத்தின் மேல்விளிம்பு கோட்டுக்குக் கீழே இறங்கும்வரை மாமா திருகாணியைத் திருகினார். “இன்னும் கீழ, இன்னும் கீழ, போதும்!” என்று நான் கத்தியதில் மறுநாள் தொண்டை கட்டிவிட்டது.

இரண்டு நாள் கழித்துப் பூ மார்க்கெட்டுக்குப் போனோம். காலை நேரம், வளையம் எரிந்துகொண்டிருந்தது. மாமா பக்கத்து டீக்கடையிலேயே நின்றுகொண்டார். “நான் வந்தா ராசியில்ல, நீங்க பேசிட்டு வாங்க அத்தான்” என்றார். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

பூக்கடை அண்ணாச்சி வெற்றிலையை மென்றபடி லாரியைச் சுற்றி வந்தார். முன்பக்கம் வந்ததும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் நிற்கவில்லை. பக்கவாட்டுக்குப் போய், பலகை இடுக்கில் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தார்.

“போன வருசம் ஒரு புது வண்டிக்காரனுக்குக் குடுத்தேம்லா? பெட்டி மாதிரி நாலு பக்கமும் அடைச்ச வண்டி. புனலூர் போய்த் திறந்தா கேந்தி அவ்வளவும் அவிச்சு எடுத்த மாதிரி இருக்கு வே. பூவுக்குக் காத்து வேணும். உம்ம வண்டியில அது இருக்கு. நீரே ஓட்டும்.”

அப்பா தலையை ஆட்டினார். திரும்பிப் போகும்போதுதான் அண்ணாச்சியின் கண் முன்பக்கம் விழுந்தது.

“இது என்னது, கல்யாண மாப்பிள்ளைக்குக் கூலிங் கிளாஸ் போட்ட மாதிரி? இதெல்லாம் எதுக்கு வே?”

அப்பா சிரித்தார்.

டீக்கடையிலிருந்து மாமா பாதி டீயை வைத்துவிட்டு ஓடி வந்தார். “என்ன அத்தான் சொன்னாரு?”

“லோடு நமக்குத்தான் மாப்ள” என்றார் அப்பா. “வந்ததும் லைட்டைத்தான் பாத்தாரு. பாத்துட்டு, ‘உம்ம வண்டிதான் வே’ன்னுட்டாரு. நாளையிலேர்ந்து நீதான் மாத்து டிரைவர்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நடந்தது அதுவல்ல. வரிசையே தவறு. பலகைதான் முதலில், லைட்டைப் பார்த்தது கடைசியில், அதுவும் கேலியாக. திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அப்பாவின் கை என் தலைமேல் வந்து உட்கார்ந்தது. கனமான கை. அதற்குள் மாமா என்னை அலாக்காகத் தூக்கிச் சுற்றிவிட்டார். “எல்லாம் உன் ரேடியம்ட்டி மக்கா!” என்று அவர் கத்தியதில் மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. மயக்கம் வரும் அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையைக் கொஞ்ச நேரம் நானும் மறந்துபோனேன்.

சாயங்காலம் மாமா கதையை அம்மாவுக்குச் சொன்னார். அவர் சொன்னதில் அண்ணாச்சி லைட்டைத் தொட்டுப் பார்த்தார், வியந்தார், எங்கே வாங்கியது என்று விசாரித்தார். அம்மா ஒருமுறை அப்பாவைப் பார்த்தாள். பிறகு மாமாவின் பெரிய பெட்டியை இழுத்து, உள்ளே கிடந்த துணிகளைக் கொடியில் போட்டுவிட்டு, வீட்டில் இருந்த கம்பளிகளையும் பழைய சேலைகளையும் மடித்து அடுக்கினாள். அப்பா அதைத் தூக்கிப் பரணில் வைத்தார். அப்புறம் மாமா எதில் துணி வைத்துக்கொண்டு ஷார்ஜாவுக்குப் போவார் என்று கேட்டேன். எல்லோருக்கும் அப்போது ஏதோ வேலை இருந்தது.

தப்பான செய்தி அப்படியே நின்றுவிடக் கூடாது என்று எனக்கு அரித்துக்கொண்டே இருந்தது. மாமா குளிக்கப் போன நேரம் பார்த்து அடுப்படிக்குப் போனேன்.

“அம்மா, அப்பா பொய் சொல்லுதாங்க. அண்ணாச்சி லைட்டைப் பாத்து லோடு குடுக்கல.”

“தெரியும்” என்றாள் அம்மா, தோசையைத் திருப்பிக்கொண்டே. “மாமாவைச் சாப்பிடக் கூப்பிடு.”

அம்மா அன்று மார்க்கெட் பக்கமே வரவில்லை. அப்பாவும் அவளிடம் தனியாக எதுவும் பேசவில்லை. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் அந்த வருடம் எனக்குப் பிடிபடாமல் போன ஒரே விஷயம் என்று நினைத்திருந்தேன். அப்பாவின் பொய்யையும் பரணுக்குப் போன பெட்டியையும் நான் அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.