காலி வீதியைத் தனியாகக் கடக்க ஒரு நீர்நாய் கற்றுத்தந்தது

சோக்குத் துண்டு கையிலிருந்து நழுவி விழுந்தது. அதுதான் தொடக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடிக் கட்டடத்தில் நான் நடத்திவந்த கணித வகுப்பில், பலகையில் ஒரு இருபடிச் சமன்பாட்டைப் பாதி எழுதியிருந்தேன். குனிந்து சோக்கை எடுக்கப் பார்த்தேன். விரல்கள் அதைத் தொட்டன, பிடிக்கவில்லை. மைனஸ் அடையாளத்தைக் கவனியுங்கோ என்று சொல்ல வாயெடுத்தேன்; கதவைக் கவனியுங்கோ என்று வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். நான் பகிடி விடுகிற ஆள் என்று அவர்களுக்குத் தெரியும். திரும்பவும் கதவு என்றே வந்தபோது முன்வரிசையில் ஒருத்தி எழுந்தாள்.

"சேர், உங்கட வாய் ஒரு பக்கம் இழுக்குது."

ஒரு முச்சக்கர வண்டியில் ஏற்றிக் களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என் மனைவி சாந்தி கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் வேலை செய்தாள். அவள் அலுவலகப் பையோடு ஓடிவந்து சேர்ந்தபோது நான் வார்டு நடையில் ஒரு தள்ளுகட்டிலில் கிடந்தேன். அவளைப் பார்த்து, பயப்படாதே என்று சொல்ல விரும்பினேன். என்ன சொன்னேனோ தெரியாது, அவள் அழத் தொடங்கினாள்.

எனக்கு வந்தது பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டு, ஒரு பக்க உடல் இயங்காமற் போவது). மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டதால் வலது கையும் காலும் விழுந்தன. அதோடு அபேசியா (சொல் மனத்தில் இருந்தும் வாய்க்கு வராமல் நிற்பது, அல்லது வேறு சொல்லாக வருவது). இன்னொன்றும் இருந்தது, அதைப் பிறகுதான் கண்டுபிடித்தோம்.

அறிவு போகவில்லை. இதே நோயோடு வீட்டில் ஒருவர் இருந்தால், இதை முதலில் மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். என்னைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் செவிடனோடு கதைப்பதுபோல் உரத்துக் கதைத்தார்கள். சிலர் என் தலைக்கு மேலால் சாந்தியிடம், "அண்ணைக்கு எல்லாம் விளங்குதோ?" என்று கேட்டார்கள். எனக்கு எல்லாம் விளங்கியது. அவர்களை வெளியே போகச் சொல்லத்தான் சொல் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு மற்றக் குறை தெரிந்தது. கால் ஓரளவு தேறி, பொல்லூன்றி நடக்கத் தொடங்கியிருந்தேன். ஒரு நாள் பிளேன்ரீ (பால் விடாத தேநீர்) போடலாம் என்று குசினிக்குப் போனேன். தேயிலையில் பச்சைத் தண்ணீரை ஊற்றினேன். சீனியைக் கேத்திலுக்குள் போட்டேன். பிறகு தேயிலைப் பேணியைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தது என்ன என்று தெரியாமல் நின்றேன். இதற்கு அப்ராக்சியா என்று பெயர் (கையில் பலம் இருந்தும், ஒரு வேலையை எந்த ஒழுங்கில் செய்வது என்பது குழம்பிப்போவது). படிமுறை எழுதாட்டிப் புள்ளி இல்லை என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை வெருட்டிய கணித மாஸ்டருக்கு இந்த நோய் வந்தது. விதி பகிடி விடுவதில் என்னைவிடக் கெட்டிக்காரன்.

அப்போது யுத்த காலம், கொழும்பில் சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடி. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருக்கும் ஆண் ஒருவன், இராணுவச் சிப்பாய் கேட்கும் கேள்விக்கு வாய் குழறினால் என்ன நடக்கும் என்பது வெள்ளவத்தையில் எல்லோருக்கும் தெரியும்: விடுதலைப் புலி என்று சந்தேகித்துப் பிடித்துப்போவார்கள். வடக்கிலிருந்து புதிதாக வருபவர்களுக்கு தங்கும் லொட்ஜிலேயே நாலு சிங்கள வசனத்தைப் பாடமாக்கிக் கொடுப்பது அந்நாளைய வழக்கம். சாந்தியும் அதையே செய்தாள். எனக்கு முன்பு சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. இப்போது தினமும் காலையில் அவள் சொல்லித்தர, சின்னப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வதுபோல் நான் சொல்லவேண்டியிருந்தது.

"மகே நம தவராசா. மம கணன் உகன்னனவா. மம இன்னே வெல்லவத்தே. கிளாஸ் எக்கட்ட யனவா." என் பெயர், என் தொழில், என் இடம், நான் போகும் இடம். நாலும் நன்றாகப் பாடமாயின. திக்காமல் சொல்வேன். இருவரும் மகிழ்ந்துபோனோம்.

அந்த மகிழ்ச்சியில் ஒரு நாள் நான் தனியே இறங்கினேன். கொழும்பின் பெருந்தெருவான காலி வீதிக்கு வந்ததும் சாவடியில் மறித்தார்கள்.

"கொஹெத யன்னே?" எங்கே போகிறாய் என்று சிப்பாய் ஒருவன் கேட்டான்.

"மகே நம தவராசா," என்றேன்.

அவன் முகம் மாறியது. எங்கேயிருந்து வருகிறாய் என்று கேட்டான். கணிதம் படிப்பிக்கிறேன் என்றேன். தவறு என்று எனக்கே தெரிந்தது. ஆனால் வசனங்கள் கோத்த மணிபோல ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வந்தன. நடுவில் ஒன்றைப் பிடுங்கி எடுக்க முடியவில்லை. பாடமாக்கிக்கொண்டு வந்தவன் என்று அவனுக்கு விளங்கிவிட்டது. பாடமாக்கிக்கொண்டு வருபவன் யார் என்றுதான் அவனுடைய அடுத்த கேள்வி இருந்திருக்கும்.

மண்மூட்டைகளுக்குப் பின்னால் என்னை நிலத்தில் இருத்தினார்கள். எதிரே பாமசி (மருந்துக்கடை) வைத்திருந்தவர் கண்டு, சாந்திக்குப் போன் பண்ணி, தானும் வந்து எனக்காகக் கதைத்தார். ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டுகளோடு சாந்தி வந்து சேர்ந்தபோது மத்தியானம் திரும்பியிருந்தது. என் காற்சட்டை நனைந்திருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும், இந்த நோயில் அதுவும் நடக்கும்.

வீட்டுக்கு வந்து அவள் சொன்னாள்: "இனி நீங்கள் வெளிக்கிடவேண்டாம். நீங்கள் திரும்பி வராட்டி நான் எங்க போய், ஆரிட்டக் கேக்கிறது?"

அடுத்த நாளிலிருந்து வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போனாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இடது கையால் மேசையில் அடித்தேன். அவளில் பிழை சொல்லவும் முடியவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது: இப்படியே விட்டால் அந்தப் பூட்டு ஒரு நாளும் திறக்காது, என் வகுப்பும் அவ்வளவுதான்.

தனிமைக்குத் துணையாகத் தொலைக்காட்சியைச் சிங்களச் செய்தி போகும் அலைவரிசையில் போட்டுவிட்டுப் போவாள். ரிமோட்டை எந்த ஒழுங்கில் அமத்துவது என்பது எனக்குப் பிடிபடாததால் அதிலேயே கிடந்தேன். பின்னேரம் சிறுவர் கார்ட்டூன் ஒன்று வரும், வெளிநாட்டுப் படத்துக்குச் சிங்களக் குரல் கொடுத்தது. ஒரு ஆற்றங்கரை, அங்கே ஒரு நீர்நாய், ஒரு வாத்து, ஒரு முள்ளம்பன்றி. ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு கரைச்சல். பாலம் உடையும், முட்டை உருண்டு பொந்துக்குள் விழும். பட்டப்படிப்புப் படித்தவன் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேனே என்று முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கழுத்து அந்தப் பக்கம் கனநேரம் நிற்காது.

பார்க்கப் பார்க்க அதன் போக்குப் பிடிபட்டது. முள்ளம்பன்றி அவசரக்காரன், கரைச்சலைக் கண்டதும் பாய்ந்து அதைப் பெரிதாக்கிவிடுவான். அவனைப் பார்த்தால் எனக்கு என் சாயல் தெரிந்தது. நீர்நாய் முதலில் இருக்கும். குந்தி இருந்துவிட்டு மூன்றே கேள்வி கேட்கும். மொகத வுணே? (என்ன நடந்தது?) அபிட்ட மொனவத தியென்னே? (எங்களிடம் என்ன இருக்கிறது?) இஸ்செல்லாம மொகக்த கரன்னே? (முதலில் எதைச் செய்வது?) எந்த நாளும் இதே மூன்று கேள்விகள், மறுமொழி மட்டும் நாளுக்கு ஒன்று.

அங்கேதான் எனக்கு உறைத்தது. நாங்கள் மறுமொழிகளைப் பாடமாக்கியிருந்தோம். பாடமாக்க வேண்டியது கேள்விகளை.

அடுத்த நாள் குசினியில் கதிரை போட்டு இருந்தேன். என்ன நடந்தது? தேத்தண்ணி வேணும். என்ன இருக்கிறது? ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன்: தண்ணீர், கேத்தில், தேயிலை, சீனி. முதலில் எது? தண்ணீர். அதை மட்டும் செய்தேன். திரும்ப இருந்தேன். திரும்பக் கேட்டேன். சாந்தி வேலையால் வந்தபோது மேசையில் ஒரு கோப்பை பிளேன்ரீ ஆறிப்போய் இருந்தது. அவள் அதை அப்படியே குடித்தாள், சூடாக்கக்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் எனக்குப் பேச்சுப் பயிற்சி தந்தவர் நிலந்தி என்ற சிங்களப் பெண். கார்ட்டூன் கதையைச் சாந்தி சொல்லக் கேட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "இனிமேல் சாவடிக் கேள்விகளை மாற்றி மாற்றிக் கேளுங்கள், மறுமொழி பிந்தினாலும் நீங்கள் சொல்லிக் கொடுக்கவேண்டாம்," என்று அவளிடம் சொன்னார். சாந்திக்கு அதுதான் பெரிய தண்டனை. என் சொல் தொண்டையில் நிற்கும்போது அவளுடைய உதடு துடிக்கும். இருந்தாலும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள். இந்த நோயில் பராமரிப்பவர் செய்யக்கூடிய பெரிய உதவி அப்படிச் சும்மா இருப்பதுதான் என்று நான் சொல்வேன்.

மாதங்கள் போயின. பின்னேரம் கார்ட்டூனை நான் ஒரு நாளும் விடவில்லை. ரிமோட் பழகிய பிறகும் அதே அலைவரிசைதான்.

தனியே போகப்போகிறேன் என்று நான் சொன்ன நாளில் இருவருக்கும் சண்டை. அவள் நீளமாகக் கதைத்தாள், நான் ஒற்றைச் சொற்களில். "வகுப்பு," என்றேன். "நான். தனிய." கடைசியில் அவள் லீவு போட்டுவிட்டு, அந்தப் பூட்டின் திறப்பை என் இடது கையில் தந்தாள்.

அதே சாவடி, வேறு முகம். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, நான் எதிர்பாராத ஒன்றைக் கேட்டான். பையில் என்ன? அந்தக் கேள்வி என் பயிற்சியில் இல்லை. பின்னால் வரிசை நீண்டது. அவனுடைய துவக்குக் குழலின் வாய் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பழைய நாலு வசனமும் தொண்டையில் வந்து முட்டின. முள்ளம்பன்றியைப் போல் பாயப் பார்த்தேன்.

பாயவில்லை. பொல்லை ஊன்றி நின்றேன். என்ன நடந்தது? பையைப் பற்றிக் கேட்கிறான். என்ன இருக்கிறது? ஒரு கை, ஒரு பொல், கொஞ்சச் சிங்களம். முதலில் எது? முதலில் நேரம் வேண்டும்.

"பொட்டக் இன்ன," என்றேன். கொஞ்சம் பொறு.

யாரும் சொல்லித்தராத சொல். கடையிலும் அரசாங்கக் கந்தோரிலும் கேட்டுக் கேட்டு எங்கேயோ உள்ளே கிடந்தது வந்துவிட்டது. அவன் என் கோணல் வாயைப் பார்த்தான், தொங்கிய கையைப் பார்த்தான். பொறுத்தான். நான் "அசனீப," (சுகமில்லை) என்றேன். பிறகு நீண்ட நேரம் தேடி, "பொத்," என்றேன், புத்தகம். பையைத் திறந்து கணிதப் புத்தகத்தைக் காட்டினேன்.

"ஹரி, யன்ன," (சரி, போ) என்றான்.

வகுப்பு மண்டபத்தை எட்டிப் பார்த்து, அடுத்த கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு அதே வழியால் திரும்பினேன். சாந்தி மூன்றாம் மாடிப் பல்கனியில் நின்றிருந்தாள். நான் படியேறி முடியுமுன் கதவில் நின்றாள்.

"மறிச்சவங்களோ?"

"ஓம்."

"என்ன சொன்னனீங்கள்?"

சொற்கள் வரும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை.

"அவனை... நிக்கச் சொன்னனான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். அந்தக் காலத்தில் நிற்கச் சொல்பவர்கள் அவர்கள், நிற்பவர்கள் நாங்கள்.

வலது கை இன்றும் குளிர்ந்த மீனைப்போல மடியில் கிடக்கிறது. ஒரு வசனம் சொல்ல மற்றவர்களுக்கு ஆகும் நேரத்தில் எனக்கு அதன் பாதி வரும். அதற்காக நான் இப்போது அவசரப்படுவதில்லை. எதிரில் இருப்பவர் பொறுக்கட்டும். பூரண சுகமோ என்று கேட்பவர்களுக்கு இல்லை என்றுதான் சொல்கிறேன். ஆனால் நோய் வந்த நாள் தொடக்கம் என்னைக் கொண்டுபோனார்கள், கொண்டுவந்தார்கள். அன்றைக்குத்தான் நான் போய் வந்தேன்.