கோமே என்றால் சாப்பிடு

"...அதனால நாளைக்கு நீ வர வேணாங்க்கா, இன்டர்வியூவ அடுத்த வாரத்துக்குத் தள்ளிட்டாங்க," என்றாள் ஸ்டெல்லா.

ஸ்பெயினில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காகத் திண்டிவனத்திலிருந்து இருவரும் விழுப்புரம் போய் ஸ்பானிஷ் படித்தோம். என்னிடம் போன் இல்லை. வகுப்பில் அவள் நம்பரையே என் நம்பராகவும் கொடுத்திருந்தேன்.

கட்டளைச் சொற்கள் அவளுக்கு வரவே வராது. பஸ்ஸில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். 'கோமேர்' என்பதில் கடைசி எழுத்தை விட்டால் 'கோமே', சாப்பிடு. 'எஸ்பெரார்' என்றால் 'எஸ்பெரா', பொறு. நான் "கோமே" என்றதும் என் டப்பாவில் கைவிட்டுச் சாப்பிடுவாள். "உப்புப் போட்டவள மறப்பனாக்கா?" என்பாள்.

படிப்பை விடுவானேன் என்று மறுநாள் வகுப்புக்குப் போனேன். "இன்டர்வியூ இப்பதான் முடிஞ்சிது. உங்களுக்கு இஷ்டமில்லன்னு ஸ்டெல்லா சொன்னாங்களே?" என்றார் டீச்சர்.

வெளியே ஓடினேன். அவள் பஸ் ஏறப் போய்க்கொண்டிருந்தாள்.

"எஸ்பெரா!" என்று கத்தினேன்.

பழகிய கால்கள் சட்டென்று நின்றன. பிறகு, திரும்பிப் பார்க்காமலேயே ஏறிக்கொண்டாள்.