கட்சால் கோயில் நோட்டீஸும் என் கணவரின் லினக்ஸும்

என் கணவருக்குக் குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. இருக்கிற ஒரே கெட்ட பழக்கம் லினக்ஸ். எங்கள் பழைய லேப்டாப் ஆமையாக ஊர்ந்துகொண்டிருந்தபோது அதில் லினக்ஸ் என்ற இலவச இயக்க மென்பொருளைப் போட்டு ஓட வைத்தவர் அவர்தான், மறுக்கவில்லை. அதோடு விட்டாரா? கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை முடிந்து சிப்பிகாட்டில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். திங்கட்கிழமை திரையின் அடியில் ஐகான்களோடு இருந்த பட்டை செவ்வாயன்று மேலே ஏறியிருக்கும். புதன்கிழமை எழுத்தெல்லாம் பச்சையாகிவிடும். நல்லவேளை, மனிதர் சமையலறைப் பக்கம் வருவதில்லை. வந்தால் உப்பு ஜாடியும் தினம் ஒரு இடத்தில் இருக்கும்.

அந்த லேப்டாப்பில்தான் நான் டைப்பிங் வேலை செய்கிறேன். விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூடக் கேள்வித்தாள், எது வந்தாலும் அடித்துக் கொடுப்பேன். அவருக்கு அது விளையாட்டு, எனக்குப் பிழைப்பு.

இந்த வருஷம் என் பிறந்த வீடு இருக்கிற கட்சால் தீவிலிருந்து அப்பா ஒரு பொறுப்பை ஒப்படைத்தார். எங்கள் ரப்பர் தோட்டக் குடியிருப்பின் மாரியம்மன் திருவிழாவுக்கு நோட்டீஸ். இலங்கை மலைத் தோட்டங்களை விட்டு வந்த எங்கள் சனங்களுக்கு அந்தக் கோயில்தான் ஊர். நோட்டீஸில் நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் வரும். அதில் ஒரு பெயர் விட்டுப்போனால் மாரியம்மனே இறங்கி வந்து சமாதானம் பேசினாலும் எடுபடாது. போன வருஷம் வெளியில் அடித்த நோட்டீஸில் ஒரு குடும்பத்தின் பெயர் விடுபட்டது. கோயில் பொறுப்பில் இருக்கும் அப்பா வீடு தேடிப் போய்க் கெஞ்சியும் அவர்கள் கோயில் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

"இந்தத் தடவ நீயே அடிச்சுக் குடு புள்ள. இன்னொருக்கா அந்த மனுசன் மொகத்த என்னால பாக்க ஏலாது" என்றார் அப்பா.

பெயர்களைத் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்பினார்கள். அங்கே நெட் கிடைப்பது குதிரைக் கொம்பு. எல்லாப் படமும் வந்து சேர்ந்தபோது கப்பல் புறப்படும் நாளே வந்துவிட்டது. இங்கே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த எங்கள் ஊர் அத்தை சாயங்காலக் கப்பலில் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அதை விட்டால் அடுத்த கப்பல் திருவிழா முடிந்த பிறகுதான்.

காலையில் லேப்டாப்பைத் திறந்தேன். மொட்டைத் திரை. பட்டை இல்லை, மெனு இல்லை. கடற்கரைப் படம் ஒன்று மட்டும் என்னைப் பார்த்து இளித்தது. பட்டறைக்குப் போன் போட்டேன்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"பாத்துட்டியா? சூப்பரா இருக்குல்ல! மவுஸே வேண்டாம். ஜன்னல் படம் போட்ட பட்டன அமுக்கிக்கிட்டே டி-ய அமுக்கு. வேணுங்கிறதோட பேர அடி, வந்துரும்."

"இன்னிக்குத்தானா இது கேக்குது? நோட்டீஸ் போகலேன்னா எங்கப்பா மானம் போயிரும்!"

"ஐயோ, மறந்தே போச்சு. லீவு சொல்லிட்டு வரட்டா?" என்றார்.

அதற்குள் அத்தையின் போன் குறுக்கே வந்தது. "கப்பல் டைம மாத்திட்டானுங்க. மத்தியானமே கெளம்புதாம். ஜல்தி கொண்டா புள்ள!"

கணவர் வந்து சேர்வதற்குள் கப்பல் பாதிக் கடலைத் தாண்டிவிடும். அழுகையும் ஆத்திரமுமாக அவர் சொன்ன பொத்தான்களை அமுக்கிப் பெயரை அடித்தேன். நோட்டீஸ் திறந்து திரை முழுவதையும் அடைத்தது. அடுத்து பெயர்கள் இருந்த படத்தைத் திறந்தேன். பஸ்ஸில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுப்பார்களே, அதுபோல நோட்டீஸ் தானாக ஒதுங்கிப் பாதித் திரையை விட்டுக்கொடுத்தது. இந்தப் பக்கம் பெயர்கள், அந்தப் பக்கம் நான் அடிக்கும் நோட்டீஸ். இத்தனை நாள் ஒன்றை மூடி இன்னொன்றைத் திறந்து, எந்த வரியில் விட்டேன் என்று தேடியே பாதி ஆயுள் போயிருந்தது. இப்போது கண்ணை நகர்த்தினால் போதும். போன வருஷம் விடுபட்ட பெயரை மட்டும் வாய்விட்டுப் படித்துப் படித்து அடித்தேன். நாசமாய்ப் போன அந்தத் திரை எனக்குப் பிடித்துப்போனதுதான் பெரிய எரிச்சல்.

பென் டிரைவில் ஏற்றி, முக்குக் கடையில் பிரிண்ட் எடுத்து ஜெராக்ஸ் போட்டு, கட்டைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். "ஹோ ஜாயேகா, தீதி", நடந்துவிடும் அக்கா என்று டிரைவர் இந்தியில் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தார். கப்பல் புறப்படும் ஹாடோ ஜெட்டியில் கடைசி ஆளாக வரிசையில் நின்று எனக்காகக் காத்திருந்த அத்தையின் கையில் கட்டைத் திணித்தேன்.

சாயங்காலம் கணவர் சமோசாப் பொட்டலத்தோடு, திருடனைப்போல உள்ளே வந்தார். "கோவிச்சுக்காத. பழைய மாதிரியே மாத்தித் தந்துர்றேன்."

"தொட்டுப் பாருங்க, தெரியும் சேதி" என்றேன். மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு சமோசாவை நானே தின்றேன்.

திருவிழாவன்று அப்பா கூப்பிட்டார். பின்னால் மேளம் அதிர்ந்தது. "ஒரு பேரும் விடுபடல. இரு புள்ள, ஒங்கிட்ட பேசணுங்கிறாங்க" என்று யாரிடமோ போனைக் கொடுத்தார். போன வருஷம் வராமல் போன வீட்டு அம்மா.

"புள்ள, எங்க பேரு மேலருந்து மூணாவதா இருக்கு. எங்க வீட்டு மனுசன் அந்த நோட்டீஸ மடிச்சுச் சட்டப் பையில வச்சிருக்காரு. வாறவங்க போறவங்களுக்கெல்லாம் எடுத்து எடுத்துக் காட்டுறாரு."

அவரும் கேட்கட்டும் என்று போனைக் கணவரின் காதில் வைத்தேன்.