பூக்கூடையோடு ஏறிய கப்பல்

தம்பி பாரிஸிலிருந்து ஒரு கப்பல் படம் அனுப்பியிருந்தான். வெள்ளை வெளேரென்று பன்னிரண்டு மாடி, உச்சியில் நீச்சல் குளம், கீழே தீவுகளின் பெயர்கள்: ரியூனியன், மொரீசியஸ், சீஷெல்ஸ், மாலைதீவு. தை மாதம் இந்தக் கப்பலில் உல்லாசப் பயணம் போகிறேன் அக்கா என்று பின்பக்கத்தில் எழுதியிருந்தான். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். வெள்ளவத்தையில் கடலோர ஒழுங்கையொன்றில், வாடகை அறையில், பொலிஸ் பதிவுத் துண்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு நானும் அம்மாவும் படுக்கிறோம். துரை தீவு தீவாகச் சுற்றப் போகிறாராம். சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறவனுக்கு வந்த கொழுப்பைப் பாருங்கோ என்று அம்மாவிடம் கத்தினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"தலைமேலை இவ்வளவு தண்ணியை வைச்சுக்கொண்டு இது எப்பிடிக் கவிழாமல் போகுது?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த ஞாயிறு வீட்டுக்காரரின் தொலைபேசிக்குத் தம்பி எடுத்தான். நான் வாய்க்கு வந்தபடி பேசி முடித்த பிறகுதான் கேட்டான்.

"அக்கா, படத்தை வடிவாப் பாத்தனீங்களோ? கடைசியா என்ன பேர் கிடக்கு?"

கோபத்தில் நான் நாலு பெயரோடு நிறுத்தியிருந்தேன். ஐந்தாவது கொழும்பு.

"ஒரு பகல் மட்டும் நிக்கும். நான் இறங்கேலாது. என்ரை பயணப் பத்திரத்திலை இலங்கை தவிர எல்லா நாடும் எண்டுதான் அடிச்சிருக்கு. உங்களாலை ஏறேலுமோ?"

பதினாலு வருடங்களுக்கு முன்னர் ஒரு சுற்றிவளைப்பில் அவனைப் பிடித்துக்கொண்டு போய், நாற்பது நாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். அவன் திரும்பி வந்த கோலத்தைப் பார்த்த அம்மா இருந்த நகையை விற்று அவனை வெளியே அனுப்பினார். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவன் இங்கே கால் வைத்தால் அங்கே திரும்ப முடியாது. இங்கேயோ பழைய பதிவேட்டில் பெயர் கிடக்கிறது. அப்பா செத்தபோதும் அவனால் வர முடியவில்லை. இத்தனை தீவுக்கும் சேர்த்து அவன் சீட்டு எடுத்தது எங்கள் துறைமுகத்தில் ஒரு பகல் நிற்பதற்காக என்று விளங்கியதும், கத்தின வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

நான் அப்போது கொட்டாஞ்சேனையில் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் ஒரு கந்தோரில் டைப்பிஸ்ட். ஒன்பது வருடம் கப்பல்களின் பெயர்களை அடித்திருக்கிறேன், ஒன்றிலும் ஏறியதில்லை. என் யன்னலால் பார்த்தால் துறைமுகக் கிட்டங்கிக் கூரைகளுக்கு மேலே புகைபோக்கிகள் மட்டும் தெரியும். முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"இங்க பாருங்க புள்ள, தம்பிட பேரப் போட்டு பாஸ் கேட்டா அந்தப் பேரத் தோண்ட ஆரம்பிச்சிருவாங்க. அந்தக் கப்பலுக்குப் பூ ஓடர் ஒண்ணு நம்மகிட்ட இருக்கு. நீங்க பில் கடதாசி கொண்டு போங்க. உங்கட அம்மா பூ அடுக்கிற ஆள். சரியா?"

தம்பி அடுத்த முறை எடுத்தபோது சாப்பாட்டு மண்டபத்தில் இருக்கச் சொன்னேன். வாழ்நாளில் சாமிப் படத்துக்குத் தவிர வேறெதற்கும் பூ வைத்தறியாத அம்மா, அப்படித்தான் ஒரு கூடை அந்தூரியத்தோடு துறைமுக வாசலில் நின்றார். அங்கே அரை மணித்தியாலம் சோதித்தார்கள். பொலிஸ்காரி அம்மாவின் கொண்டையை அவிழ்த்துப் பார்த்தாள். அம்மா திரும்பவும் முடிந்துகொண்டார்.

பிறகு கப்பலைக் கண்டோம். படத்தில் பார்த்தது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனேன், முடிவு வரவில்லை, கழுத்துத்தான் வலித்தது. அம்மாவுக்குத் தெரிந்த கப்பல் காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்கு வந்ததுதான். அதில் இரும்புத் தட்டில், வாந்திக்கு நடுவே, ஒரு இரவு முழுக்கக் குந்திக்கொண்டு வந்தவர். "இதுவும் கப்பலோ?" என்று என் காதுக்குள் கேட்டார். எனக்கும் அதே சந்தேகம் இருந்தது.

உள்ளே கால் புதையும் கம்பளம். கண்ணாடியால் செய்த லிப்ட் ஒன்று ஆட்களோடு மேலே போவது வெளியிலிருந்தே தெரிந்தது. பனிக்கட்டியில் ஒரு ஆளுயரத்துக்கு அன்னம் செதுக்கி வைத்திருந்தார்கள். அது சொட்டுச் சொட்டாக உருக, ஒருவன் துணியால் நிலத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். சும்மா சொல்லக்கூடாது, நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். வெளியே ஊரடங்கும் சோதனைச் சாவடியுமாகக் கிடக்கிற உலகத்தில் இப்படியும் ஒரு இடம் மிதந்து திரிகிறதே என்று வயிறும் எரிந்தது.

சாப்பாட்டு மண்டபத்தில் அம்மா உண்மையாகவே பூ அடுக்கத் தொடங்கினார். வந்த வேலையைச் செய்யாமல் விட்டால் அவருக்குப் பொறுக்காது. ஒவ்வொரு மேசைக்கும் மூன்று தண்டு, நடுவில் உயரமானது. ஆறாவது மேசையில் தொப்பி போட்ட ஒருவர் தனியே இருந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். அம்மா அந்தப் பூச்சாடியில் கை வைத்தபோது அவர் தொப்பியைக் கழற்றினார், தம்பிதான். இருபது வயதில் போனவனுக்கு முன்மண்டை வழுக்கை. பணியாளர்கள் நின்றபடியால் இரண்டு பேரும் தொட்டுக்கொள்ளவில்லை. அம்மா மூன்று தண்டையும் வைத்து முடித்தார்.

"சாப்பிட்டனியே?" என்று பூவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஓம் அம்மா."

அவனுக்குப் பின்னால் போய் அறைக் கதவைச் சாத்தின பிறகுதான் அழுகை வந்தது, மூன்று பேருக்கும். அதை நான் எழுதப்போவதில்லை. அழுது முடிந்ததும் தம்பி எங்களுக்குக் கப்பலைக் காட்டினான். உச்சி மாடிக் குளத்தின் விளிம்பில் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால் நனைத்தார். அங்கிருந்து கொழும்பு முழுவதும் தெரிந்தது. ஒன்பது வருடம் நான் பார்த்த கிட்டங்கிக் கூரைகளை மற்றப் பக்கத்திலிருந்து பார்த்தேன். என் கந்தோர் யன்னல் ஒரு புள்ளியாக இருந்தது. தம்பி கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெள்ளவத்தை எந்தப் பக்கம் என்று கேட்டான். நான் தெற்கே காட்டினேன். அவன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

கீழே வெள்ளைக்காரப் பயணிகள் ஓலைத் தொப்பியும் கமராவுமாக இறங்கி பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒருவரிடமும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. கப்பல் கொடுத்த அட்டையைக் காட்டினால் போதும்.

"உந்த அட்டை உன்னட்டையும் இருக்கே?" என்று அம்மா கேட்டார்.

"இருக்கு."

"அப்ப ஒருக்கா வந்திட்டுப் போவன், ராசா. காலமை எழும்பிச் சமைச்சு மூடி வைச்சிட்டுத்தான் வந்தனான். அரை மணித்தியாலம் காணும்."

உங்களுக்கு விசரோ என்று அம்மாவைக் கேட்டேன். ஆனால் பதினாலு வருடத்தில் அம்மா அவனிடம் கேட்ட முதல் விஷயம் அது. தம்பி என்னையும் பார்த்தான், அம்மாவையும் பார்த்தான். தொப்பியைக் கண் மறையும்படி இழுத்துவிட்டு, வாறன் அம்மா என்றான். பிறகு நான் எவ்வளவோ சொல்லியும் அவன் கேட்கவில்லை. நாங்கள் முன்னால் போவதென்றும், அவன் பயணிகளோடு கலந்து பின்னால் வருவதென்றும் முடிவாயிற்று.

ஏணிப்படிக்குக் கீழே ஒரு மேசை, இரண்டு அதிகாரிகள், ஒரு ஆமிக்காரன். எங்களுக்கு முன்னால் போன வெள்ளைக்காரக் கிழவனுக்கு ஆமிக்காரன் சிரித்துக் கையசைத்தான். என் பாஸை வாங்கிய அதிகாரி சிரிக்கவில்லை. பெயர் என்ன, ஊர் எது, யாழ்ப்பாணத்திலிருந்து எப்போது வந்தது, எங்கே தங்கியிருப்பது, இவ்வளவு நேரம் மேலே என்ன செய்தது என்று கேட்டுக்கொண்டே போனான். ஒவ்வொன்றுக்கும் சிங்களத்தில் பதில் சொன்னேன். அம்மாவுக்குச் சிங்களம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்து எல்லாம் விளங்கிக்கொண்டார். நாற்பது நாள் தடுப்பிலிருந்து பிள்ளை வந்த கோலம் அவருக்கு அப்போது நினைவு வந்திருக்க வேண்டும். முகம் செத்துப்போயிற்று.

தம்பி எங்களுக்கு ஐந்தாறு படி மேலே வந்துவிட்டான். வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் எங்கள் நிறத்தில் அவன் ஒருவன்தான். எங்களையே பார்த்தபடி நின்றுவிட்டான், மடையன். ஆமிக்காரன் அவனைக் கண்டான், பிறகு அம்மாவைப் பார்த்தான்.

"அர கவுத அம்மே?"

அந்த ஆள் யார் என்று கேட்கிறான். அம்மா திரும்பினார். பெற்ற பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை, சந்தையில் முன்பின் அறியாத ஒருவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மீன்காரனோடு பேசப் பழகிய பத்துச் சிங்களச் சொல்லில் மூன்றை எடுத்தார்.

"தன்னே நே, மாத்தயா."

தெரியாது ஐயா என்று உரத்துச் சொன்னார், மேல் படிவரை கேட்கும்படி. இவ்வளவு பெரிய கப்பலைக் கண்டு மலைத்த எனக்கு, அந்த நேரத்தில் அம்மாவைப் பார்க்கத்தான் மலைப்பாக இருந்தது. தம்பி சட்டைப் பையைத் தடவி எதையோ மறந்துவிட்டவனாகப் பாவனை செய்தான். திரும்பி, வருகிறவர்களை விலக்கிக்கொண்டு மேலே ஏறிப் போனான்.

அம்மா வெறுங்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல்வரை திரும்பிப் பாராமல் நடந்தார். ஓட்டோவில் ஏறிக் கோட்டை தாண்டிய பிறகுதான் வாய் திறந்தார்.

"நான் சொன்னது அவனுக்குக் கேட்டிருக்குமே?"

"ஓம் அம்மா. கேட்டுத்தான் திரும்பிப் போனவன்."

"அப்ப சரி" என்றார். பிறகு கொள்ளுப்பிட்டி தாண்டும்வரை அழுதார்.